வெள்ளை இருக்கைகளும் மூன்று நாள் வெயிலும்

எங்கள் வீட்டில் பயப்படுவது என் பொறுப்பு. மற்ற எல்லாவற்றையும் அக்கா பார்த்துக்கொண்டார். எனக்கு அறுபது வயதாகிய பிறகும் இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமென்று தோன்றியதில்லை. இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். எதை விட்டுவிடுவேனோ என்ற பதற்றத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா எங்கள் ஊரான மீசாலையில் பிறந்தார். எங்கள் தாயார் இளவயதிலேயே காலமாகிவிட, பதினேழு வயதில் என்னையும் அடுப்படியையும் ஒன்றாகப் பொறுப்பேற்றார். பள்ளிச் சீருடை தைத்து என்னைப் படிப்பித்தார். கனடாவுக்கு முதலில் வந்தவரும் அவரே. டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்டில் மூன்று பெண்களுடன் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். என்னை ஸ்பொன்சர் பண்ணி எடுத்த நாளில், வேலை உடுப்போடுதான் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம், "முதல்லை தம்பியின்ரை அலுவல் முடியட்டும்" என்பார். என் அலுவல் கடைசிவரை முடியவேயில்லை.

தொழிற்சாலை மூடப்பட்டபோது நான்தான் நித்திரையில்லாமல் திரிந்தேன். அக்கா பிக்கரிங்கில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒரு கனத்த தையல் மெஷினை இறக்கினார். பழைய கார்களை விரும்பி வாங்குபவர்கள் எஞ்சினைத் தாங்களே திருத்திவிடுவார்கள். உள்பக்கத்துக்கு ஆள் தேட வேண்டும். அப்படித் தேடியவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக அக்காவிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் கிழிந்த உறையை ஒருபோதும் இழுத்துப் பிய்க்க மாட்டார். ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துண்டுகளுக்குச் சோக்கால் இலக்கம் போட்டு, அவற்றை வைத்தே புதியதை வெட்டுவார். "முதல் தைச்சவன் எங்கை பிழை விட்டவன் எண்டு இதிலைதானே தெரியும்" என்பார்.

சென்ற வருடம் வந்ததுதான் அவருடைய கடைசி வேலை. அறுபதுகளில் வெளிவந்த இரண்டு கதவுக் கார். பெரிய எஞ்சினும் நீண்ட மூக்குமாக, மசில் கார் என்பார்களே, அந்த வகை. காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இத்தாலியர். ஒக்டோபர் மாதம் தன் மகளை அந்தக் காரில்தான் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. உள்பக்கம் முழுவதும் வெள்ளை வினைல், தோல் போன்ற செயற்கைத் துணி. அதே வெள்ளையில் அதே வரியோடு துணி எடுக்கவே மூன்று மாதம் காத்திருந்தார்கள். வெட்டியது போக ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. "கலியாணத்துக்கு முதல் தாறன்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார்.

இருக்கைகள் தைத்து முடிந்து, காரில் பூட்டுவது மட்டும் மிச்சமாக இருந்த வாரத்தில் அக்காவுக்கு வயிற்று நோ கடுமையாகியது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். ஸ்கான், இரத்தம், இன்னொரு ஸ்கான். முடிவு வரவில்லை என்றார்கள். நான் காலையும் மாலையும் போய் அவருடைய கட்டிலின் காலடியில் நின்றேன். அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"கார் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு அக்கா."

ஆயுத பூசை நாளும் வந்தது. வழமையாக அக்கா மெஷினின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார், அவ்வளவுதான் பூசை. அன்று தொலைபேசியில், "ஒரு பொட்டு வைச்சு விடு, காணும்" என்றார். எனக்கு அது போதவில்லை. ஸ்கான் முடிவு நல்லபடியாக வர வேண்டும், காரும் நல்லபடியாகப் போக வேண்டும். ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து, தமிழ்க்கடையில் வாங்கிய மாவிலையால் கராஜ் முழுவதும் தெளித்தேன். மெஷினுக்குத் தெளித்தேன். கத்தரிக்கோலுக்குத் தெளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் பெயரைச் சொல்லி நாலு திசைக்கும் தெளித்தேன்.

அடுத்த நாள் காலை கராஜைத் திறந்தேன். வெள்ளை இருக்கைகள் மூன்றிலும் மஞ்சள் புள்ளிகள். அவசரத்தில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பாக மாறியது. தேய்க்கத் தேய்க்க இரத்தம் போல் படர்ந்தது. வேறு துணி இல்லை. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நாற்பது வருடமாக அக்கா தவறவிடாத வாக்கை, அவர் கட்டிலில் கிடக்கும் நேரம் பார்த்து நான் கெடுத்துவிட்டேன் என்று நிலத்தில் குந்திவிட்டேன்.

என் மனைவி வந்து பார்த்தார். "உங்கடை வேட்டியிலை மஞ்சள் பட்டா நான் என்ன செய்யிறனான்? தண்ணியாலை துடைச்சுப்போட்டு வெயிலிலை வையுங்கோவன்."

ஒக்டோபர் மாதத்து வெயிலை நம்பி மூன்று இருக்கைகளையும் கராஜ் வாசலில் இறக்கினோம். வெயில் நகர நகர நானும் அவற்றை நகர்த்தினேன். முகில் வந்தால் வானத்தை ஏசினேன். இலை விழுந்தால் ஓடிப்போய் எடுத்தேன். கருவாடு காயப்போட்டவன் காகத்துக்குக் காவல் இருப்பதுபோல் கதிரை போட்டு இருந்தேன். மூன்று நாள் அப்படிப் போனது. அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மனைவி மாலையில் சாப்பாடு கொண்டுபோனார். அக்காவிடம் தொலைபேசியில், "வேலையிலை ஓவர்டைம் அக்கா, வரேலாமல் கிடக்கு" என்றேன்.

"அதுக்கென்ன, வேலையைப் பார். எனக்குப் பித்தப்பையிலை கல்லாம். ஒண்டுமில்லை, வீட்டை விடப்போகினம்" என்றார். நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம் பிழை செய்தாலும் மறுபக்கம் வேலை செய்துவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

நான்காம் நாள் புள்ளிகள் மறைந்துவிட்டன. ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். உடுப்புக்கூட மாற்றாமல் கராஜுக்குப் போய், ஒரு கதிரையில் இருந்து இருக்கைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பின் இருக்கையில் விரல் நின்றது. துணி வெளுத்திருந்தது, நூல் வெளுக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குத் தையல் சிவப்பாகக் கிடந்தது.

"உதென்னடா, மஞ்சள் தண்ணியோ?"

நான் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப ஓவர்டைம் உதுதானோ? மடையா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே" என்றார். மெஷினுக்கு முன்னால் அவரைத் தாங்கிப் பிடித்து இருத்தினேன். சிவந்த நூலைப் பிரித்து, அதே ஓட்டைகளில் புது நூலை ஓட்டினார். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சொந்தக்காரரும் நானும் இருக்கைகளைப் பூட்டினோம். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கார் போனது. அந்த மனிதர் கண் கலங்கி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தம்பி, கல்லில்லை. கான்சர். ஈரல் வரைக்கும் பரவிப்போட்டுதாம். வெட்டி எடுக்கேலாதாம்."

எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். நான் வெயிலுக்குக் காவல் இருந்த இரண்டாம் நாள், மத்தியானம். அந்தச் செய்தியைத் தனியாகவா கேட்டீர்கள் என்றேன்.

"நல்லகாலம் நீ வரேல்லை. வந்திருந்தா நான் உன்னையெல்லோ பாத்திருக்கோணும்" என்றார். பிறகு, "ஒரு நேர்ஸ் பிள்ளை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருந்தவ. டொக்டர் போனாப் பிறகும் எழும்பேல்லை. பேர் கேக்க மறந்துபோனன்" என்றார்.

அதன்பின் ஏழு வாரம் அக்கா எங்களோடு இருந்தார். நான் வேலைக்குப் போகவில்லை. வலி கூடிய நாட்களிலும் என்னைத்தான் தேற்றினார். ஒரு காலை, நான் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு அடங்கியது.

அக்காவை இரவு பகல் பார்த்த என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்தவர்களுக்கும், பனியைப் பாராமல் இறுதிக் கிரியைக்கு வந்தவர்களுக்கும், அன்று சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், அக்கா தைத்த காரில் வந்து கடைசி வரிசையில் நின்ற அந்த இத்தாலிய நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார், அந்த நேர்ஸ் பிள்ளை. உங்களைத் தேடி இரண்டு முறை அந்த வார்ட்டுக்குப் போனேன். பெயர் தெரியாததால் யாராலும் உதவ முடியவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வராது. வந்தாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாமலிருக்கலாம். அந்த மத்தியானம் நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தது, நான் பிடித்திருக்க வேண்டிய கை. பிள்ளை, உங்களுக்கு நன்றி.

— தம்பி