நாலாவது பாத்தியில் பிடுங்கிய களை

2016 பங்குனியில் மருமகன் சேகரனோடு இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வெளியே ஒரு மலைக் கிராமத்துக்குப் போய் வந்தேன். அவன் பராமரித்த சிஞ்ஞோரா, ஒரு இத்தாலியக் கிழவி, இறந்துபோக வேலையும் போனது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க முடியாது. அந்தக் கிராமத்தில் தண்ணீர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டோம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்ல மகள்தான் தட்டுகிறாள். ஆனால் ஒருமுறை போன வழி மறக்காது. அந்தப் பக்கம் முன்பு ஒலிவ் பிடுங்கப் போயிருக்கிறேன்.

பலெர்மோவில் நாங்கள் இருக்கிற ஒரேத்தோ தெருவிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை. பகேரியாவுக்கு ரயில், கால் மணி நேரம். அங்கிருந்து மலைக்குப் பஸ், முக்கால் மணி நேரம். சாரதி எந்த ஊர் என்று கேட்க, சேகரன் பதற்றத்தில் பெயரை மறந்துபோனான். மூக்குடைந்த சிங்கம் தண்ணீர் துப்புகிற ஊர் என்று நான் நடித்துக் காட்டினேன். சாரதி சிரித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

ஊருக்குக் கீழே சரிவில் படிப்படியாக நாலு பாத்தி, முழங்காலளவு தண்ணீர். என்னை வேலியோரம் இருத்திவிட்டு, பொறுப்பான அம்மாவைக் கூட்டிவர சேகரன் மேலே போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாலாவது பாத்தியில் மெல்லிய நெல் நாற்றை அமுக்கிக்கொண்டு நாணல் வளர்ந்து நின்றது. வன்னியில் வயல் செய்தவன் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினேன். சேகரன் திரும்பும்போது ஒரு மூலை துப்புரவு.

"மாமா, என்ன செய்யிறியள்?"

"களை புடுங்கிறன் தம்பி. இஞ்சை நெல் வராதெண்டு ஆர் சொன்னது?"

அவன் வரப்பில் குந்திவிட்டான்.

"மாமா, இது ஊர்ச்சனத்தின்ர கக்கூசுத் தண்ணி. அதைச் சுத்தமாக்கத்தான் அந்த நாணலை நட்டவை. நீங்கள் விட்டு வைச்சிருக்கிறதுதான் புல்லு."

பிறகு பெர்மெஸ்ஸோ, மகள், பேரப்பிள்ளை என்று என்னென்னவோ சொன்னான். அந்த அம்மா அரை மணியில் வருவாவாம். அழுது பயனில்லை, இறங்கு என்றேன். சப்பாத்தோடு இறங்கினான். பிடுங்கிய நாணலை நான் நாற்று நடுகிற மாதிரி திரும்ப நட்டுக்கொண்டு போக, அவன் எடுத்துத் தந்தான். பாதி நடுவதற்குள் அந்த அம்மா வந்துவிட்டா.

இரண்டு பேரையும் இடுப்பு வரை சேற்றோடு பார்த்தா. சேகரன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவ வெகுநேரம் சிரித்தா. முன்பு வந்தவர்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு சம்பளம் கேட்டுவிட்டுப் போனார்களாம். தண்ணீரில் கால் வைத்தவன் இவன் ஒருவன்தானாம்.

"திங்கட்கிழமை வா," என்றா. "மாமா வேண்டாம்."

ஒப்பந்தம் வந்தது, பெர்மெஸ்ஸோவும் வந்தது. சேகரன் இன்றும் அங்கேதான் வேலை.

போகிறவர்களுக்கு: திரும்பிவர பின்னேரம் ஒரே பஸ்தான், விட்டால் இல்லை. மாற்று உடுப்பு கொண்டுபோங்கள். எங்களைச் சாரதி கடைசி இருக்கைக்கு அனுப்பி எல்லா யன்னலையும் திறந்துவிட்டார். வேலிக்குள் விடமாட்டார்கள், என்னை நிச்சயமாக விடமாட்டார்கள். வெளியே நின்று நாலாவது பாத்தியைப் பாருங்கள். நாணல் எங்கும் கண்டபடி நிற்கும். ஒரு மூலையில் மட்டும் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கும். அது நான் நட்டது.