ஐஸ்காரரின் சூடும் லாண்டரி அக்காவின் பாய்லரும்

தெருவுக்கே அவள் லாண்டரி அக்கா. முதுகுக்குப் பின்னால் மட்டும் புகைபோக்கி. காதில் விழுந்தது எதுவும் உள்ளே தங்காது, நேராக மேலே ஏறி ஊருக்கே தெரிந்துவிடும் என்று பேக்கரி அண்ணன் வைத்த பேர்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அந்தக் கடையில் இருந்தது இரண்டு தொட்டி, ஒரு இஸ்திரிப்பெட்டி, வாயைத் திறக்காத ஒரு புருஷன். தொட்டி மெஷின் ஆனது. இஸ்திரிப்பெட்டி ரோலர் ஆனது. புருஷன் மட்டும் அப்படியே இருந்தார். பின்கட்டில் ஒரு விறகு பாய்லர். காலையில் மூட்டினால் விளக்கு வைக்கும்வரை புகை. அதனால் அவள் கண் எந்நேரமும் அழுத கண்ணாகவே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்ததாக அவள் புருஷனைத்தான் முறைப்பார்கள். அந்த மனுஷன் அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கடையின் பிழைப்பே ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான். போன வருஷம் ஆஸ்பத்திரியில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. விறகும் டீசலும் எரிக்கிற கடைக்கு இனி வேலை கிடையாது, கரிப்புகையைக் குறைத்துக் காட்டுகிறவர்களுக்குத்தான் என்றார்கள்.  அக்கா விசாரித்து, வீணாகிற சூட்டைப் பிடித்து மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சும் ஹீட் பம்ப் போடுகிற கம்பெனி ஒன்றைப் பிடித்தாள். அங்கிருந்து வந்த பெண் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க ஒரு கடைக்கு மட்டும் போட்டா கட்டுப்படி ஆகாதுக்கா. பக்கத்துல யாராவது சூட்டை வீணாக்குறாங்களா?"

"எதிர்ல ஐஸ் பிளான்ட் மாமா வீணாக்குறாரு. ஆனா அவர்கிட்ட ஒரு துண்டு ஐஸ் வாங்கவே நாலு நடை நடக்கணும். சூட்டையா குடுக்கப் போறாரு?"

கொடுத்தார். சும்மா அல்ல, அக்காவின் நாக்கு பாதி தேய்ந்த பிறகு. ஐஸ் பிடிக்கிற மெஷின், தண்ணீரிலிருந்து உறிஞ்சிய சூட்டை எங்கேயாவது கக்கியாக வேண்டும். ஐஸ்காரர் அதை மாடியிலிருந்த கூலிங் டவர் வழியாகக் காற்றில் கக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டைப் பிடித்து, பம்ப் வைத்து இன்னும் ஏற்றி, பெரிய தொட்டியில் சுடுதண்ணீராக்கி, குழாயில் லாண்டரிக்கும் பேக்கரிக்கும் அனுப்புவது என்று ஏற்பாடு. மூன்று பேரும் கூட்டு.

கையெழுத்துப் போடும் முன்னால் ஐஸ்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டவரைக் கழட்டினாத்தான் தொட்டிக்கு இடம். கழட்டிட்டா என் சூடு போறதுக்கு நீங்க ரெண்டு பேருதான் வழி. நீங்க எடுக்கலைன்னா என் மெஷின் மூச்சு முட்டிச் செத்துடும். எடுப்பீங்களா?"

"மாமா, என் பாய்லரை நாளைக்கே காயலான் கடைக்கு அனுப்பறேன். அப்புறம் எடுக்காம எங்க போவேன்?"

"அதேதான், அதேதான். நானும் விறகடுப்பை அணைச்சுட்டு கரண்ட் அடுப்புக்கு மாறிடறேன்" என்று பேக்கரி அண்ணனும் ஒத்து ஊதினார்.

அக்கா சொன்னபடியே அனுப்பினாள். தெருவே பார்க்கத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஓரம் போ ஓரம் போ என்று சத்தம் போட்டு அனுப்பினாள். வண்டியில் போனது புகைக்குழாயும் துருப்பிடித்த நாலு தகடும். பாய்லர், அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஐஸ்காரர் மெஷின் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்வது? முதல் நாள் மட்டும், ஒரு தைரியத்துக்கு. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புகையை பாத்ரூம் ஜன்னல் வழியாக விடச் சொல்லிப் புருஷனிடம் ஏற்பாடு.

புது மெஷினை ஓடவிட்ட அன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன அக்காவின் காதில் எதிர்க் கட்டடத்து அலாரம் விழுந்தது. ஓடினாள்.

ஐஸ்காரர் மெஷின் முன்னால் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பிரஷர் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவை நின்னு போச்சும்மா. இன்னொரு தடவை நின்னா கம்ப்ரஸர் போயிடும். அறை நிறைய ஐஸ். பொழுது சாஞ்சா மீன் படகுக்காரங்க வண்டியோட வந்து நிப்பாங்க. தண்ணியையா அள்ளிக் குடுப்பேன்?"

கம்பெனிப் பெண் தொட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். தொட்டி கொதிக்குது. சூட்டை யாரும் எடுக்கல."

"நான் எடுக்கறேன்" என்றார் அப்போதுதான் வந்து சேர்ந்த பேக்கரி அண்ணன். நெற்றியில் மாவும் வேர்வையும். "என் அடுப்பு மேல சத்தியமா, காலையிலேருந்து தட்டு கழுவறது பூரா உங்க தண்ணிதான்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"நானும்தான்" என்றாள். ஊரிலுள்ள விஷயத்தையெல்லாம் வெளியே விடுகிற வாய், அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அப்போ மெஷின்தான் மோசம்" என்றார் ஐஸ்காரர். "போதும்மா உங்க கூட்டு. டவர்காரனைக் கூப்பிடறேன். இன்னைக்கே இதைப் பிடுங்கி எறியப் போறேன்."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் கம்பெனிப் பெண். "ரெண்டு கடை வால்வையும் பார்த்துட்டு வந்துடறேன். வால்வைத் திறந்திருந்தா நான் வச்ச சீல் அறுந்திருக்கும், அதைப் பார்த்தா போதும்."

 அக்காவின் வால்வில் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் சீல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "நான் முதல்ல போய் ஒதுக்கி வைக்கறேம்மா, உள்ள ஒரே அழுக்கு" என்று சொல்லிக்கொண்டே தெருவின் குறுக்கே அக்கா பாய்ந்தாள். பின்னாலேயே அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம்.

உள்ளே புருஷன் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். மெஷினில் ஆஸ்பத்திரி விரிப்புகள் பாதி சுற்றில் உருண்டுகொண்டிருந்தன.

"தீயை வெளிய இழுங்க!"

புருஷன் நிமிர்ந்தார். அதிசயமாக வாயைத் திறந்தார். "துணி?"

"இழுங்கன்னா!"

சீலைப் பல்லால் கடித்து அறுத்து வால்வைத் திருப்பினாள். குழாய் இருமியது. காற்று வந்தது, அப்புறம் துருத் தண்ணீர், அப்புறம் பச்சைத் தண்ணீர், சில்லென்று.  குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் தீர்ந்தால்தானே சூடு வரும்? அது புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கை தண்ணீரிலேயே இருந்தது. மெல்ல வெதுவெதுப்பு. பிறகு சுட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தால் வாசலில் கம்பெனிப் பெண். அவள் பார்வை அக்கா மேல் இல்லை, மூட்டைகளுக்குப் பின்னால் செக்கச் சிவந்திருந்த பாய்லர் மேல்.

"இது மட்டும் பத்தாதுக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "பேக்கரியும் எடுத்தாத்தான் முள்ளு இறங்கும். அவர் எடுக்கறேன்னு சத்தியம் பண்றாரே?"

அக்காவுக்கு அண்ணனின் நெற்றி வேர்வை ஞாபகம் வந்தது. அடுப்பை மின்சாரத்துக்கு மாற்றிய மனுஷனுக்கு அத்தனை வேர்வை எங்கிருந்து வரும்? தன்னைப் போலவே அவரும் விறகடுப்பை அணைக்காமல் அதிலேயே தண்ணீர் காய்ச்சுகிறார். இப்போது போய்க் கேட்டால் ஒத்துக்கொள்ளவா போகிறார்? அடுப்பை விட்டுவிட்டுக் குழந்தை மேல் சத்தியம் செய்வார்.

வாசலுக்கு வந்து தெருவே திரும்பக் கத்தினாள். "மாமா! பேக்கரி அண்ணே! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

வந்தார்கள். ஐஸ்காரர் பாய்லரைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறிய வேகத்தைப் பார்த்துக் கம்பெனிப் பெண் ஒரு அடி பின்வாங்கினாள்.

"உன் பேச்சை நம்பித்தானே நான் டவரைக் கழட்டினேன்?"

"ஆமா மாமா. நான்தான் எடுக்கல."

பேக்கரி அண்ணன் நைசாக ஒரு சிரிப்பை உதிர்த்தார். "என்ன தங்கச்சி இது, இப்படியா பண்றது?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த தண்ணீர்ப் பீப்பாயில் வாளியை முக்கி எடுத்தாள்.

"வேணாம், வெடிச்சிடும்!" என்று புருஷன் அலறினார். ஒரே நாளில் இரண்டாவது பேச்சு.

"எல்லாரும் வெளிய போங்க!"

பச்சைத் தண்ணீரைப் பழுத்த இரும்பில் வீசிவிட்டு அவளும் வாசலுக்கு ஓடி வந்தாள். உள்ளே ஆவி குப்பென்று கிளம்பியது. கட்டில் கால் முறிந்த மாதிரி ஒரு சத்தம். ஆவி விலகியபோது, அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்த பாய்லரின் வயிறு மேலிருந்து கீழ் வரை பிளந்திருந்தது.

"இனி நான் நினைச்சாலும் மூட்ட முடியாது" என்றாள் அக்கா.  "உங்க மெஷின் நின்னா எனக்கு ஆஸ்பத்திரி வேலை இல்ல மாமா. போதுமா?"

 பேக்கரி அண்ணனின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. நெற்றி மாவைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நழுவினார்.

மற்றவர்கள் எதிர்க் கட்டடத்துக்குப் போய் முள்ளின் முன்னால் நின்றார்கள். முள் சிவப்புக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஐஸ்காரரின் கை மெயின் சுவிட்ச் மேல் இருந்தது. 

அப்போது பேக்கரிப் பின்கட்டிலிருந்து 'சொய்ங்' என்று ஒரு நீண்ட சீறல். தொடர்ந்து ஒரு வாளி தரையில் உருளுகிற சத்தம்.

கம்பெனிப் பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தொட்டியிலிருந்து பேக்கரிக்குப் போகிற குழாய் இருமியது.

முள் கோட்டைவிட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. இன்னொரு மயிரிழை.

ஐஸ்காரர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஐஸ் அறைக்கு நடந்தார். போகும்போது திரும்பாமலே சொன்னார்.

"இனிமே தினமும் காலையில உங்க ரெண்டு கடைக்கும் நானே வந்து குழாயைத் தொட்டுப் பார்ப்பேன். எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் நீ என்கூடப் பேசாத."

"தொட்டுப் பாருங்க மாமா" என்றாள் அக்கா. "கை சுட்டா என்னைத் திட்டக் கூடாது."