ஐந்து வால்வும் சத்தியபாயும்

பாறசாலைப் பக்கத்துச் சர்ச்சுகளில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் சீரியல் செட் விளக்குச்சரம் அணைந்துவிட்டால், பழுது பார்க்கச் சத்தியபாயைக் கூப்பிட ஆள் ஓடும். இருபது வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. எல்.இ.டி. வந்தது, கூப்பிட ஒரு நாதி இல்லை. போன டிசம்பரில் ஒரே ஒரு சர்ச்சிலிருந்துதான் ஆள் வந்தது. நாற்பத்தாறு வயதில் இனி எந்த வேலைக்குப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் விஜயதாஸ் கடைக்கு ஆள் வேண்டும் என்று காதில் விழுந்தது. நெய்யாற்றின்கரையில் கண்ணாடி பல்பு மாதிரி வால்வுகள் வைத்த பழைய ரேடியோக்களை வாங்கி, பாட வைத்து, சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறவர். மனிதர் லேசில் மசியமாட்டார். வந்தவளைப் பார்த்ததும் ஒரு ரேடியோவை அவள் முன்னால் தள்ளினார்.

"மூணு மெக்கானிக் பாத்தாச்சு. அஞ்சு வால்வும் போச்சுன்னு சொல்லிட்டானுவ. இத பாட வச்சா வேலை உங்களுக்கு. இல்லேன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிருங்க."

வால்வு ரேடியோவை அவள் திறந்ததே இல்லை. முதுகுப் பலகையைக் கழற்றினாள். கரண்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மரைக் காணோம். வீட்டுக் கரண்டு நேரே உள்ளே வந்து, ஒரு பெரிய ரெசிஸ்டரில் கொஞ்சம் குறைந்து, ஒரு வால்வின் இழையில் புகுந்து வெளியேறி அடுத்ததில் புகுகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நம்ம சீரியல் செட்டாக்கும், அண்ணே. ஒண்ணு செத்தா எல்லாம் இருட்டு. அஞ்சும் ஒண்ணா எதுக்குச் சாவணும்?"

மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலு நல்லபடியாக இருந்தன. ஒன்றில் மட்டும் இழை அறுந்திருந்தது. அதே நம்பர் வால்வு விஜயதாஸின் உதிரிச் சாமான் பெட்டியிலேயே கிடந்தது. அந்த மூன்று மகராசன்களும் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வால்வை மாட்டி, பிளக்கைச் சொருகி, உள்ளே இருந்த இரும்புத் தட்டில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. கரண்டு கம்பிகளில் ஒன்று அந்தத் தட்டோடு சேர்ந்திருக்கிற செட் அது. கை பட்டிருந்தால் தூக்கி அடித்திருக்கும். பிளக்கை உருவி, இரண்டு முள்ளும் இடம் மாறும்படி திருப்பிச் சொருகினாள். மறுபடி டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரியவில்லை.

ஐந்து வால்வும் மெல்லச் சிவந்தன. ஒரு உறுமல், கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் மலையாளத்தில் யாரோ வானிலை சொன்னார்கள். சத்தியபாய்க்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

விஜயதாஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு வருவிய?"

"நாளை வரைக்கும் எதுக்கு? அடுத்தத இப்பவே தாருங்க, அண்ணே" என்றாள்.