பெரட்டில் கூப்பிட்ட பேர்

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன்; பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு காலைப்பொழுது மட்டும் மறக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், மஞ்சுமூட்டம் இறங்கிக் கிடக்கும்போது, கங்காணி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அங்கே எனக்கு மதினியின் பேர்தான்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் காய்ச்சலில் போன பிறகு அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறையில் இருந்துகொண்டு காய் பறித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மழையில், நிழல்மரத்துக் கிளை முறிந்து அவள் முழங்காலுக்குக் கீழே விழுந்து எலும்பு முறிந்தது. கம்பளியில் தூளி கட்டி ரோடு வரை தூக்கி வந்து, லோடு லாரியில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுவந்தார்கள். கட்டுப்போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார். ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். வலியைவிட அவளுக்கு வேலையும் அறையும் போய்விடுமே என்ற கவலைதான். ஆள் படுத்துவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அதே பேருக்கு வேலை பார்ப்பது அந்தத் தோட்டத்து வழக்கம்.

“நான் எந்திரிக்கிற வரைக்கும் என் பேருக்கு நீ நில்லு தாயி. வெரசாப் பறி. சொணங்குனா வேற ஆளப் போட்டுருவாய்ங்க” என்றாள்.

விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மதினி பேருக்கு நான் “இருக்கேன்” என்பேன். குரல் எழும்பாது. “கெணத்துக்குள்ள இருந்தா பேசுற, மேல ஏறி வந்து சொல்லு” என்பார் கங்காணி. எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கை ஓடியது. செடியடியில் குத்தவைத்து, சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் கிள்ளிப் போடுவேன். அவளுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றுதான் ஓடி ஓடிப் பறித்தேன். அதுவே அவளுக்கு வினையாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, மதினி பேர் வரவேண்டிய இடத்தில் என் பேர் வந்தது. அன்றைக்கு நன்றாகவே குரல் எடுத்து “இருக்கேன்” என்றேன். நாள் முழுக்கச் சந்தோசமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மதினி பேர் எங்கே போயிற்று என்பது சாயங்காலம்தான் உறைத்தது. ஊருக்கு நான் சொல்லியனுப்பவில்லை.

அடுத்த மாதம் அவள் கம்பு ஊன்றி, ஆட்கள் வரும் ஜீப்பில் ஏறி வந்து, நேரே பெரட்டில் நின்றாள். எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிந்தது.

“கங்காணியண்ணே, என் பேர முழுங்கிட்டீகளே.”

“முழுங்கி ஒரு மாசமாச்சுத்தா, செரிச்சும் போச்சு. இந்தக் காலோட மேட்டுல எப்பிடி ஏறுவ?”

“காய் என்ன மரத்து உச்சியிலயா காய்க்குது? ஒக்காந்துதான பறிக்கணும். ஒக்காரக் கம்பு வேணாம்ணே.”

சிரிப்பு எழுந்தது. கங்காணியும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு எடத்துக்கு ஒரு ஆளுதான். அங்க ஒன் நாத்தனா நிக்கிறா. அவ வெலகிக்கிறேன்னா நானா வேணாங்கப் போறேன்? அவளையே கேளு.”

மதினி கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். “நான் வெலகிக்கிறேன்” என்பது வாய் வரை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சத்தில் நின்றேன் என்று இத்தனை வருசமும் சொல்லிவந்தேன். கூச்சம் மட்டும் இல்லை. இறங்கிப் போய்விட்டால் அப்புறம் என் பேரை யார் கூப்பிடுவார்கள் என்று இருந்தது.

“விடுங்கண்ணே, புள்ள நல்லாப் பறிப்பா” என்றாள் அவளே. அறையிலிருந்து ஈயச்சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டாள். “மேல குளுரும்” என்று கம்பளியை எனக்கு விட்டுப் போனாள். பிறகு போடியில் காய் பிரிக்கும் வேலைக்குப் போய், கடைசி வரை அந்தக் காலை இழுத்து இழுத்தே நடந்து, கண்ணை மூடினாள். ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் என் பேரைக் கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க மாட்டேன். பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பெரட்டில் நின்றவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கு தப்பாக இருந்தால் திருத்துங்கள். “அவளையே கேளு” என்று கங்காணி சொன்னது நிஜம்தானா என்றும் சொல்லுங்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒருவர் சொன்னாலும் எனக்குப் போதும்.