ஏழாவது எருமையின் கயிறு

செம்பூரிலிருந்து தேவ்நார் போகிற சாலையில் எங்கள் எருமைக் கொட்டகை இருந்தது. பம்பாயில் அதைத் தபேலா என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆறு எருமைகள். தகரக் கூரைக்குக் கீழே ஓடிய உத்தரத்தில் ஆறு ஆணிகள், எருமைக்கு ஒன்றாக. அந்த ஆணிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் சொல்லப்போவது யாருக்கும் விளங்காது.

எருமை வருடம் முழுவதும் கறக்காது. பால் வற்றியபின் அடுத்த கன்று போடும்வரை மாதக்கணக்கில் சும்மா நிற்கும். தின்பதை மட்டும் நிறுத்தாது. அந்த மாதங்களுக்குத் தீனி போடப் பெரும்பாலான தபேலாக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. வற்றியதை அறுப்புக்குக் கொடுத்துவிட்டு, கறவையில் இருக்கும் வேறொன்றை வாங்கிக் கட்டுவார்கள். தொழில் என்றால் அப்படித்தான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பது அவர்கள் கட்சி. அப்பா அந்தக் கட்சியில் சேரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் அவர் பத்து வருடம் தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவர். வண்டி வண்டியாக வந்து இறங்கிய எருமைத் தோல்களில் கழுத்தைச் சுற்றிக் கயிறு தேய்ந்த தடம் இருக்குமாம். எத்தனை நாள் சுண்ணாம்பில் ஊறினாலும் அது போகாது என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே எங்கள் எருமை வற்றினால் கல்யாண் பக்கம் புல்வெளி வைத்திருந்த ஒருவரிடம் மேய்ச்சலுக்குப் போகும். போகும் அன்று அப்பா அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, கழுவிக் காயவைத்து, அதன் ஆணியில் மாட்டுவார். கன்றோடு திரும்பி வந்ததும் அதே கயிற்றைக் கட்டுவார். ஆணியில் கயிறு தொங்கினால் அந்த எருமை திரும்பி வரும் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்தக் கயிறுகளில் கொஞ்சம் மஞ்சள் தொட்டு வைப்பாள்.

பால் மாட்டுங்காவுக்குப் போகும். அப்பா சைக்கிளில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு சயான் வழியாகப் போவார். மாட்டுங்கா வீடுகளில் காப்பிக்குப் பால் என்றால் விளையாட்டில்லை. நகத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுகிற மாமிகள் அவர்கள். அப்பாவின் பால் நின்றது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. பால் சிந்தினால்கூட முகம் மாறாதவர், பால் தண்ணியா இருக்கே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் இரண்டு நாள் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பார்.

அந்த மாமிகளில் ஒருவர் சொல்லித்தான் நான் மாட்டுங்காவில் தட்டெழுத்துப் படித்தேன். கோட்டைப் பகுதியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், உணவுப் பொருள்களின் விலையைப் பார்த்துக்கொள்கிற பிரிவில், எனக்கு வேலை கிடைத்தது. எருமைக்காரன் மகள் சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறாள் என்று அப்பா சைக்கிளை நிறுத்தி நிறுத்தி வழியெல்லாம் சொன்னார். முதல் நாள் நான் கிளம்பும்போது வாசலில் நின்று அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

"ஏளா, ஆபீஸ் காயிதத்த ஆபீஸோட விட்டுரணும். நான் பால்ல எதையும் சேக்க மாட்டேன். நீ வெளிய எதையும் பேசிக்கிடாத."

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் பால் பெரும்பாடாக இருந்தது. அரசாங்கச் சாவடிகளில் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு விலை, வெளியே தபேலாக்காரர்களிடம் வேறு விலை, அதுவும் மாதத்துக்கு மாதம் ஏறுகிற விலை. பத்திரிகைகள் சத்தம் போட்டன. தாராவியில் குழந்தைகள் கடுந்தேநீர் குடித்து வளர்ந்தது எனக்குத் தெரியும். நானே அப்படி வளர்ந்தவள்தான். ஆகையால் வெளியே விற்கிற பாலுக்கும் உச்ச விலை கட்டப்போகிறார்கள் என்று ஒரு திங்கட்கிழமை ஆணை ஒன்று, நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் அடிப்பதற்காக என் மேசைக்கு வந்தபோது, அது அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஆணை மூன்று பக்கம். மூன்று பக்கத்தில் பாலின் விலை இருந்தது, மீறினால் அபராதம் இருந்தது, சிறை இருந்தது. புண்ணாக்கு என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. பருத்திக்கொட்டை இல்லை, தவிடு இல்லை. எருமை காற்றைத் தின்று பால் கறக்கிறது என்று நினைத்துக்கொண்டு யாரோ எழுதியது. தட்டெழுதியவள் நான், சொல்கிறேன்.

விலை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விடச் சொன்னார்கள். வியாழக்கிழமை பிற்பகல் எங்கள் பிரிவுத் தலைவர், ஒரு மராத்திக்காரர், ஒரு துண்டுக் காகிதத்தை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். திருப்பிப் பார்த்தேன். அப்பா அன்று காலை விற்ற விலையைவிட அது நிறையவே கீழே இருந்தது. செவ்வாய்க்கிழமை வெளியாகும், அதுவரை ஒரு மூச்சு வெளியே போகக்கூடாது என்று அவர் இந்தியில் சொன்னார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் அன்போடுதான் நினைவூட்டினார். நான் இயந்திரத்தில் அந்த எண்ணை அடித்தேன். ஸ்டென்சிலில் எழுத்து வெட்டிக்கொண்டு விழும். அடித்ததை எளிதில் அழிக்க முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். மாட்டுத் தரகர் குஜராத் பக்கத்திலிருந்து ஓர் எருமை கொண்டுவந்திருக்கிறாராம். இரண்டாம் ஈற்று, மடி அப்படி ஒரு மடி, சாது. பால் விலை ஏறிக்கொண்டே இருக்கிறதே, இந்த நேரத்தில் வாங்காவிட்டால் எப்போது வாங்குவது என்றார். அம்மா ஏற்கெனவே வளையலைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் வாங்குவது விற்பது பற்றி என்னிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சர்க்கார் உத்தியோகம் எனக்கு அந்த மரியாதையை வாங்கிக் கொடுத்திருந்தது.

"நீ என்னளா சொல்லுத?" என்றார்.

"உங்க இஷ்டம்ப்பா" என்றேன்.

பிறகு கை கழுவப் போனேன். நான் அப்போது சாப்பிட்டே இருக்கவில்லை.

வெள்ளி போயிற்று. அந்த இரண்டு ராத்திரியும் மனத்துக்குள் பேச்சு ஒத்திகை பார்த்தேன். சொன்னால் என்ன என்று ஒரு பக்கம். சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார், கேட்டால் முழுவதையும் சொல்ல வேண்டிவரும், சொன்னால் அவர் தரகரிடம் சொல்வார், தரகர் ஊரெல்லாம் சொல்வார், திங்கட்கிழமை என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று இன்னொரு பக்கம். அவர் சொல்லிக் கொடுத்த நேர்மையைத்தான் நான் காப்பாற்றுகிறேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை அந்த எருமை வந்தது. அப்பா புதுக் கயிறு வாங்கி வைத்திருந்தார். உத்தரத்தில் ஏழாவது ஆணியை அவரே ஏறி அடித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஓர் ஆய்வாளர் தபேலா தபேலாவாக ஆணையின் நகலைக் கொடுத்துக்கொண்டு போனார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வேலை முடிந்து வந்ததும் கொட்டகையிலேயே என் கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். விலையைச் சொன்னேன், அபராதத்தைச் சொன்னேன், மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிவரைக்கும் சொன்னேன். முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்கப் புது எருமையின் மேல் இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார்.

"நீ அடிச்சதா?"

"ஆமாப்பா."

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவே இல்லை.

அதற்குப் பிறகு தபேலாக்காரர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பலர் தண்ணீர் சேர்த்தார்கள். சிலர் வேண்டியவர்களிடம் மட்டும் மேலே வாங்கினார்கள். மாட்டுங்காவிலும் சிலர், கெட்டிப் பால் கிடைத்தால் போதும், பழைய விலையே தருகிறோம் என்று அப்பாவிடம் கிசுகிசுத்தார்கள். என்னைத் தட்டெழுத்துப் பள்ளிக்கு அனுப்பிய அதே மாமி மட்டும், சர்க்கார் விலைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன், பேப்பரில் வந்திருக்கிறது என்று படியில் நின்று சொன்னாராம். அப்பா எல்லாரிடமும் சர்க்கார் விலையே வாங்கினார். தண்ணீரும் சேர்க்கவில்லை. மகள் அந்த ஆபீசில் இருக்கும்போது நான் மேலே வாங்கினால் அவள் தலை அல்லவா உருளும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புண்ணாக்கு விலையைக் கட்டிப்போட ஆள் இல்லை, அது தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. தண்ணீரும் சேர்க்காத, மேலேயும் வாங்காத மனிதனுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி, வற்றிய எருமைக்குத் தீனி போடுவதை நிறுத்துவது. முதல் எருமை வற்றியபோது அப்பா கல்யாணுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். விற்கிற மாட்டோடு கயிற்றைக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. வாங்குகிறவர் தன் கயிற்றோடு வருவார். அப்பா எருமையின் கழுத்திலிருந்து தன் கயிற்றை அவிழ்த்து, எப்போதும்போலக் கழுவிக் காயவைத்து, எப்போதும்போல அதே ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்து அம்மா அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மஞ்சள் கிண்ணத்தை எடுக்கவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்த மழைக்காலத்துக்குள் ஆறு கயிறும் ஆணிக்குப் போய்விட்டன. இதற்கிடையில் என் வேலை நிரந்தரமாயிற்று. அந்தச் செய்தியை வீட்டில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபோது அப்பா, நல்லது என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியாக நின்றது அந்த ஏழாவது. சாதுவானது, நான் போனால் தலையை நீட்டும். நான் கிட்டே போவதையே நிறுத்திவிட்டேன். அதுவும் வற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அது பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களின் கயிற்றுக்குப் பின்னால் பேசாமல் நடந்து போயிற்று.

அப்பா தாராவித் தோல் கிடங்கில் மறுபடி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மறுநாள் போக வேண்டும். கொட்டகையை இருவரும் கழுவினோம். கழுவ ஒன்றும் இல்லை, ஆனாலும் கழுவினோம். அவர் ஏழாவது கயிற்றைப் பிழிந்து கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். மற்ற ஆறும் வருடக்கணக்கில் கழுத்தில் கிடந்து துணி மாதிரி ஆகியிருந்தன. இது இன்னும் பதமாகவில்லை.

"முரடாவே இருக்கு பாரு" என்றார்.

அவர் என்னைப் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"ஆபீஸ் விஷயத்த நீ சொல்லியிருக்க வேண்டாம். நான்தானே சொல்லாதன்னேன். ஆனா அன்னைக்கு உங்கிட்ட கேட்டேம்லா. வாங்க வேண்டாம்ப்பான்னு மட்டும் சொல்லியிருந்தா போதும், ஏளா. ஏன்னு நான் கேட்டிருக்க மாட்டேன்."

கேட்டிருக்க மாட்டார். அவர் சொன்ன நொடியில் எனக்கு அது தெரிந்தது. இரண்டு ராத்திரி நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவர் கேட்கவே போகாத ஒரு கேள்விக்கான பதில். என் அப்பா என்னை எவ்வளவு நம்பினார் என்று நான் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார். ஏழாவது ஆணி எனக்கு எட்டவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பால் கேன் மேல் ஏறி நின்று மாட்டினேன்.