ஆறாவது நிறுத்தத்தில் மீட்டரக்கா

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பத்தில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மீட்டரக்கா என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். பத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்த்தவள். எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் மீட்டருக்குப் பக்கத்திலேயே நாயைக் கட்டியிருக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிறகு, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணினியில் பார்த்துக்கொள்ளும் மீட்டர்கள் வந்தன. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "நடந்து பழகின காலும்மா. நாற்காலியில உட்கார வெச்சா மரத்துப் போயிடும்" என்று சொல்லி நகராட்சியின் நடைபாதைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்.

ஆற்றங்கரையை ஒட்டிய பழைய தெருக்களில் அந்த வருடம்தான் தரையில் கோடு போட்டிருந்தார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று பாதைகள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊரின் பழங்கதை முழுவதையும் பார்த்துவிடலாம். நீலக்கோட்டில் கூட்டிப்போய்க் கதை சொல்வது மீட்டரக்காவின் வேலை. அந்தக் கோடு படகுத்துறையில் தொடங்கிக் கல்பாலத்தில் முடியும். இரண்டு கிலோமீட்டர், பதினொரு நிறுத்தங்கள், ஒன்றரை மணி நேரம். காலை பத்துக்கு ஒரு கூட்டம், மாலை நாலுக்கு ஒரு கூட்டம்.

முதல் மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இருநூறு வருடத்துப் பழைய வீட்டின் முன்னால் நிற்பாள். வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். மனப்பாடம் செய்துவைத்த வரலாறு வாயில் வராது. "இந்த வீட்டுல குழாய் நல்லா இருக்கும், மீட்டர்தான் சமையலறைக்குள்ள மாட்டியிருக்காங்க" என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. நாளாக நாளாக வரலாறும் வாயில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஆறாவது நிறுத்தத்துக்கு மட்டும் அவளுக்கு எந்த மனப்பாடமும் தேவைப்பட்டதில்லை. அது பழைய உப்புக் கிடங்கு. அதன் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கறுப்புக்கோடு உண்டு. பெருவெள்ளத்தில் ஆறு அதுவரைக்கும் ஏறியது. அங்கே நின்று அவள் தன் கதையைச் சொல்வாள்.

"எங்க வீடு அதோ, அந்த வளைவுக்குப் பின்னாடி இருந்துச்சு. விடியறதுக்குள்ள தண்ணி வாசல் ஏறிடுச்சு. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, மார்பளவு தண்ணியில நடந்து, இந்தக் கிடங்கு மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் அவர் முடியைக் கொத்தாப் பிடிச்சிருந்தேன். பக்கத்துல ஒரு கதவு மிதந்து போச்சு. அது மேல ஒரு கோழி, என்னமோ சவாரி போற மாதிரி நின்னுட்டிருந்துச்சு. 'கீழ பாக்காத, மேல பாரு'ன்னு அப்பா சொல்லிக்கிட்டே வந்தார். ஈரச் சாக்கு வாசனை இன்னும் மூக்குல இருக்கு."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளுடைய நாலாவது வயதில் அப்பா போய்விட்டார். அவருடைய குரல் எப்படி இருக்கும், சிரித்தால் முகம் எப்படி மாறும் என்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தத் தோளும் அந்த முடியும்தான் அவளிடம் இருந்த அப்பா.

இரண்டாவது வருடம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிதாகப் பலகை வைத்தார்கள். கிடங்குச் சுவரில் வெள்ளம் வந்த வருடம், மாதம், தேதி எல்லாம் பளிச்சென்று எழுதியிருந்தது. மீட்டரக்கா அதை நூறு தடவையாவது பார்த்திருப்பாள், கணக்குப் போட்டதில்லை. ஒருநாள் காலைக் கூட்டத்தில் வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் போட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு, டீச்சர்."

"பலகையைப் பாத்தா வெள்ளம் வந்து ஐம்பத்துமூணு வருஷம் ஆகுதே."

"பலகையில தப்பா எழுதியிருப்பாங்க" என்று மீட்டரக்கா சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, பாவம், கேட்டிருக்கக் கூடாதோ என்பது போல் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

அங்கிருந்து கிளம்பியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீலமும் மஞ்சளும் பிரியும் முனையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, மஞ்சள் கோட்டில் இறங்கிவிட்டாள். ஏழாவது நிறுத்தமான பழைய மணிக்கூண்டுக்குப் போகவேண்டிய கூட்டம் ஒரு சலவைக் கடையின் பின்பக்கத்தில் போய் நின்றது. கொடியில் இருபது முப்பது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. அதுவும் பார்க்கவேண்டிய இடம்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் மறுத்துச் சொல்லவில்லை.

கூட்டத்தை அனுப்பிவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள். நடைபாதை அதிகாரி அவளைவிடச் சின்னவள். கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுகிறவள்.

"பலகையில வருஷம் தப்பா இருக்கு மேடம்."

"இருக்க முடியாதே அக்கா. மூணு பேர் சரி பாத்தது." அதிகாரி ஒரு கோப்பைப் பிரித்துக் காட்டினாள். பழைய செய்தித்தாள்களின் நகல்கள். கிடங்கு, சுவர், மொட்டை மாடியில் குந்தியிருக்கும் ஜனங்கள். மூன்று செய்தித்தாள்களிலும் அதே தேதி.

சரி, அப்படியானால் தன் வயதுதான் தப்பு என்று அவள் முடிவு கட்டினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்து எழுதுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. வீட்டுக்கு வந்து பீரோவைக் கவிழ்த்துக் கொட்டிப் பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தாள். அது பள்ளிக்கூடம் கொடுத்ததில்லை, ஆஸ்பத்திரி கொடுத்தது. நாள், நேரம், எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம். எடை போட்டு எழுதின குழந்தையோடு எப்படி வாதாடுவது? வெள்ளம் வடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த இரண்டு கிலோ எண்ணூறு இந்த உலகத்துக்கு வந்திருக்கிறது.

பொய் சொல்கிறோமோ என்று யோசித்தால் அப்பாவின் முடி கைக்குள் சொரசொரவென்று உறுத்துகிறது. நிஜம்தான் என்று நினைத்தால் சான்றிதழ் முறைக்கிறது.

மறுநாள் அண்ணனைத் தேடிப் போனாள். லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவளைவிட ஆறு வயது மூத்தவன். ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் கை நிறைய மசகோடு உட்கார்ந்திருந்தான். அவள் முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னது, உன்னைத் தூக்கிட்டுப் போனாரா? தூக்கிட்டுப் போனது என்னை! அது என் ஞாபகம்!"

"உன் ஞாபகம்னா இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? நீ ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்."

"கோழி?"

"கோழியையும் நான்தான் பாத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றான். அப்புறம் அவன் முகமும் கலங்கிப்போனது. "எனக்கு அப்ப நாலு வயசுதானே. ஒண்ணு பண்ணு. சித்தி இருக்காங்கல்ல, அவங்களக் கேளு."

அம்மா இல்லாமல் போன பிறகு அந்தக் காலத்துப் பெரியவர்களில் மிச்சமிருந்த ஒரே ஆள் சித்திதான். எழுபத்தெட்டு வயது. ஆற்றுக்கு அக்கரையில் அடுக்குமாடியில் நாலாவது மாடி. காது மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றபடி எந்தச் சீரியலில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தேதி வாரியாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீட்டரக்கா போய் உட்கார்ந்ததும் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அடி போடி இவளே! உங்கப்பா தோள்ல நீயும் இல்ல, உங்கண்ணனும் இல்ல. தையல் மிஷின்!"

"என்ன சித்தி?"

"தையல் மிஷின்டி. அது போனா குடும்பமே போச்சுன்னு அதைத்தான் மொதல்ல தூக்கினார். உங்கண்ணனை உங்கம்மா இடுப்புல கட்டிக்கிட்டு வந்தா. நான் பின்னாடி மூட்டையோட. கதவு மேல போன கோழிய நான் பாத்தேன். கிடங்கு ஏணியில ஏறும்போது உங்கம்மா பயந்து நின்னுட்டா. அப்ப அவகிட்டதான் 'கீழ பாக்காத, மேல பாரு'ன்னு சொன்னார். நீ பொறக்கவே இல்லியே அப்ப."

மீட்டரக்காவுக்கு எதிரில் இருந்த சுவர் கொஞ்சம் தள்ளிப்போனது போல் இருந்தது. கோழி சித்தியுடையது. வார்த்தை அம்மாவுடையது. தோள் தையல் மிஷினுடையது. அவளுடையது என்று எதுவுமே இல்லை.

"அப்ப எனக்கு எப்படி சித்தி ஞாபகம் இருக்கு?"

சித்தி ரிமோட்டை எடுத்து டி.வி.யையே அணைத்தாள்.

"உனக்கு மூணு வயசு இருக்கும். வீட்டுல யாராவது வெள்ளத்தைப் பத்திப் பேசினா நீ, 'நான் எங்க இருந்தேன், நான் எங்க இருந்தேன்'னு கேப்ப. இல்லடி, நீ பொறக்கலன்னா வீடு ரெண்டாகிற மாதிரி அழுவ. எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் இல்லியான்னு. ஒருநாள் உங்கப்பாவுக்குத் தாங்கல. உன்னைத் தூக்கித் தோள்ல உட்கார வெச்சுக்கிட்டு, 'இதோ பாரு, தண்ணி வருது, காலைத் தூக்கிக்கோ'ன்னு ரூமைச் சுத்தி நடந்தார். உன் அண்ணன் தலகாணியை மிதக்க விட்டான். நான் கோழி மாதிரி கத்தினேன். அதுக்கப்புறம் தினம் அதே விளையாட்டுதான். வேலையிலிருந்து வந்ததும் வராததுமா சட்டையைக்கூடக் கழட்ட விடமாட்ட. அவர் போற வரைக்கும் நடந்துச்சு அது."

"அப்ப நான் தோள்ல இருந்தேன்."

"இருந்தே."

"முடியைப் பிடிச்சிருந்தேன்."

"வலிக்குதுடின்னு கத்துவார்."

"ஆனா தண்ணி இல்ல."

"சொட்டுத் தண்ணி இல்ல."

"ஈரச் சாக்கு வாசனை?"

சித்தி புருவத்தைச் சுருக்கினாள். "அதை யாரும் உனக்குச் சொல்லலியே. எங்கேருந்து பிடிச்சே?"

அது இருவருக்கும் பிடிபடவில்லை. மீட்டர் பார்க்கப் போன காலத்தில் கிடங்கிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். அப்பாவின் வேலைச் சட்டையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்பா அந்த நாட்களில் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டாள். சித்தி இரண்டு மூன்று இடங்களைச் சொன்னாள், எது முன்னே எது பின்னே என்பதில் அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் ஏறாமல் பாலத்தின் மேல் நடந்தே வந்தாள். சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. அப்பா கையைவிட்டுப் போனது போலவும் இருந்தது, முன்னைவிடக் கிட்டே வந்தது போலவும் இருந்தது. பாதிப் பாலத்தில் நின்று, ஐம்பத்தொரு வயதில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கொஞ்சம் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அப்போதும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாள். "ஆறாவது நிறுத்தத்துல இனிமே என்ன சொல்றது மேடம்?"

அதிகாரி தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். "தெரியல அக்கா. உங்களுக்கு எது வருதோ அதச் சொல்லுங்க. பலகை மட்டும் சரியா இருக்கு, அதுல கை வைக்காதீங்க."

அன்று பத்து மணிக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். கிடங்குச் சுவருக்கு வந்ததும் மீட்டரக்கா கறுப்புக்கோட்டைக் காட்டினாள். தேதியைப் படித்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"வெள்ளம் வந்தப்ப நான் பொறக்கல. ஆனா அப்பா தோள்ல வந்தேன். இந்தத் தெருவுல இல்ல, ரூமுக்குள்ள. தண்ணி கிடையாது. நிஜத்துல அவர் தோள்ல வந்தது தையல் மிஷின். நான் வந்தது அஞ்சு வருஷம் கழிச்சு, அதே வெள்ளத்துல..." இங்கே அவளுக்கே வழி தப்பியது. திரும்ப முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை தையல் மிஷினும் அண்ணனும் இடம் மாறிவிட்டார்கள்.

பின்வரிசையில் ஒருவர் மனைவியின் காதில், "உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"இல்லீங்க" என்றாள் அந்த அம்மா.

"எனக்கும்தான்" என்றாள் மீட்டரக்கா.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த அம்மா முன்னால் வந்து, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "உங்கப்பாவப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். மணிக்கூண்டு வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். மற்றவர்கள் நீலக்கோட்டைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள்.