அழகி பற்றவைத்த ராக்கெட்

தினமும் கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறும் அழகிக்கு வயது நாற்பத்தொன்று. ஐடிஐயில் வெல்டர் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பதினாறு வருஷம் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு, அவள் வேலை பார்க்கும் பட்டறைக்கு ராணுவத்தின் சோதனை ராக்கெட்டுக்கு உறை செய்யும் வேலை வந்தது. ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான எஃகு உருளை. எரிபொருள் அதற்குள் அடைபட்டு எரியும். இணைப்புகளை ஆர்கன் வெல்டிங்கில் பற்றவைக்க அழகியைத்தான் போட்டார்கள். வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கணவன் மதுரைவீரனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

போன ஆடியில், நான்காவது உறையின் கடைசி இணைப்பில் கை ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ பட்டறை வாசலின் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். உருகும் எஃகைக் காற்று அண்டாமல் காப்பதுதான் ஆர்கன் வாயுவின் வேலை. உள்ளே புகுந்த ஆடிக் காற்று ஒரு நொடி அதைக் கலைத்துவிட்டது. எஃகை உருக்கும் ஆர்க் சுடர் லேசாகத் துடித்து, மறுபடி நிலைத்தது.

இணைப்பைச் சோதிக்க எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தர ஆய்வாளர் ஆத்மநாதன் 'பாஸ்' என்று எழுதப் போனார். அழகிக்கு மனசு கேட்கவில்லை.

"சார், அந்த எடத்த இன்னொரு தரம் பாருங்க. காத்து அடிச்சிருச்சு."

"படம் சுத்தமா இருக்கேம்மா. ஒங்க வேலைய நீங்களே ஏன் கொற சொல்றீங்க?"

"படத்துல தெரியல சார். என் கைக்குத் தெரிஞ்சுச்சு."

ஆத்மநாதன் கோணத்தை மாற்றி வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். ஊசிமுனை அளவில் இரண்டு பொத்தல்கள் தெரிந்தன.

இணைப்பை அரைத்தெடுத்து, அழகியே மறுபடி பற்றவைத்தாள். ஒன்பது நாள் தாமதம். சூப்பர்வைசர் உதயசூரியன் அந்த ஒன்பது நாளும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

மார்கழியில் ஏவினார்கள். உறை தாங்கியது, ராக்கெட் குறித்த தூரத்தில் போய் விழுந்தது. உதயசூரியனே டீ டம்ளரோடு அவள் இடத்துக்கு வந்தார்.

"நாலாம் நம்பர் உறையத்தான் வச்சு விட்டிருக்காங்க அழகி. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அழகி டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு அரைக் கிலோ ஜிலேபியோடு போனாள்.

"என்ன விசேஷம்?" என்றான் மதுரைவீரன்.

"ஒரு பெரிய வேல நல்லபடியா முடிஞ்சுச்சுங்க."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. இருவருமாகப் பேசிச் சிரித்தபடியே பொட்டலத்தைக் காலி செய்தார்கள்.